அலுவலகத் தொலைபேசியை ஆளும் மென்பொருள்: சாவி யாருடைய கையில்?

2013ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் முதலாம் திகதி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்ற சிறு நகரத்து விடுதி அறை ஒன்றில், கேரி ஹன்ட் என்ற பெண்ணைப் பிரிந்து வாழ்ந்த கணவர் தாக்கினார். அதே இடத்தில் இருந்த 9 வயது மகள், அவசர உதவிக்கு எந்த இலக்கத்தை அழைக்க வேண்டும் என்று அறிந்திருந்தாள். அறையிலிருந்த தொலைபேசியை எடுத்து 911 ஐ நான்கு முறை அழுத்தினாள். ஒரு அழைப்பேனும் வெளியே போகவில்லை. அந்த விடுதியில் வெளி இலக்கம் எதையும் அழைப்பதற்கு முதலில் 9 ஐ அழுத்த வேண்டும். அது அந்தச் சிறுமிக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார்.

கேரி ஹன்டின் தந்தை தொடர்ந்து நடத்திய பிரசாரத்தின் விளைவாக, 2018 பெப்ரவரி 16ஆம் திகதி 'கேரியின் சட்டம்' அமெரிக்காவில் கையெழுத்தானது. 2020 பெப்ரவரி 16 முதல் அங்கு புதிதாக விற்கப்படும், நிறுவப்படும் ஒவ்வொரு பல இணைப்புத் தொலைபேசி முறைமையும், முன் இலக்கம் எதுவும் இல்லாமல் 911 ஐ நேரடியாக அழைக்க இடமளிக்க வேண்டும். அவ்வாறு அழைப்பு ஒன்று போகும்போது வரவேற்பு மேசைக்கோ பாதுகாப்பு அலுவலருக்கோ அறிவித்தலும் போக வேண்டும்.

9 ஐ அழுத்த வேண்டும் என்ற அந்த விதி தொலைபேசிக் கருவியில் எழுதப்பட்டிருக்கவில்லை. விடுதியின் உள் தொலைபேசி நிலையத்தில், யாரோ ஒருவர் ஒருநாள் அமைத்துவிட்டுப் போன ஒற்றை வரி அது. இன்று அந்த வரியை எழுதுவதும் மாற்றுவதும் நிர்வாக மென்பொருள் ஒன்றினூடாகவே நடக்கிறது. வங்கி, வைத்தியசாலை, பாடசாலை, விடுதி, நாளிதழ் அலுவலகம் என்று நாம் அழைக்கும் இடங்கள் பலவற்றின் பின்னால் அப்படியான ஒரு மென்பொருள் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே பிழைக்கிறது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

உள் தொலைபேசி நிலையம்

இருபது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இருபது தொலைபேசி இணைப்புகள் தேவையில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து பேர்தான் வெளியே பேசுவார்கள். ஆகவே நாலைந்து வெளி இணைப்புகளை எடுத்து, உள்ளே இருபது கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஒரு நிலையத்தை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். இதுவே பி.பி.எக்ஸ் எனப்படுகிறது. உள்ளே ஒருவரை ஒருவர் அழைப்பதற்குக் கட்டணம் இல்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பை உரியவருக்கு மாற்றிக் கொடுப்பதும் இதன் வேலைதான்.

முன்னைய நாட்களில் இந்த வேலையை ஒப்பரேட்டர் ஒருவர் பலகைக்கு முன்னால் அமர்ந்து, கயிறுகளைச் செருகிச் செய்தார். அந்தக் கதிரையில் இருப்பவரிடம் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. கன்சாஸ் சிற்றியில் இறுதிச் சடங்கு நிலையம் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தனக்கு வர வேண்டிய அழைப்புகளைப் போட்டியாளருக்கு வேண்டிய ஒப்பரேட்டர் திசை திருப்பிவிடுகிறார் என்று சந்தேகித்தாராம். அந்தக் கோபத்தில் அவர் உருவாக்கிய தானியங்கி இணைப்புக் கருவிக்கு 1891இல் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அந்த முறையிலான முதலாவது தானியங்கி நிலையம் இயங்கத் தொடங்கியது.

மனிதர் போய் இயந்திரம் வந்தது. ஆனால் அலுவலகங்களுக்கு அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சுவரில் மாட்டிய பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்ற நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். புதிய பணியாளருக்கு ஓர் இலக்கம் கொடுப்பதற்கும், விலகியவரின் இலக்கத்தை நீக்குவதற்கும் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெட்டியில் மற்றொரு நிறுவனத்தின் கருவி பெரும்பாலும் வேலை செய்யாது.

ஒரு மாணவர் எழுதிய நிலையம்

1999இல் அமெரிக்காவின் ஓபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மார்க் ஸ்பென்சர், லினக்ஸ் பயனர்களுக்கு உதவி வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கையாள அவருக்கு ஒரு பி.பி.எக்ஸ் தேவைப்பட்டது. சந்தையில் இருந்தவற்றின் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே சாதாரண கணினி ஒன்றையே தொலைபேசி நிலையமாக மாற்றும் மென்பொருளைத் தானே எழுதினார். அதற்கு 'அஸ்ரெரிஸ்க்' என்று பெயரிட்டார். கணினி உலகில் 'எல்லாம்' என்பதைக் குறிக்க இடப்படும் நட்சத்திரக் குறியின் பெயர் அது.

ஜி.பி.எல் உரிமத்தின் கீழ் அதை அவர் எல்லோருக்கும் திறந்துவிட்டார். யாரும் இலவசமாக எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். சாதாரண கணினியில் தொலைபேசிக் கம்பியைச் செருகுவதற்கான அட்டைகளை ஜிம் டிக்சன் என்பவர் வடிவமைத்து, அந்த வரைபடங்களையும் திறந்துவிட்டார். 2004இல் அஸ்ரெரிஸ்க்கின் 1.0 பதிப்பு வெளியானது. ஸ்பென்சரின் நிறுவனம் பின்னர் டிஜியம் என்று பெயர் மாறி, 2018இல் கனடாவின் சங்கோமா நிறுவனத்தின் கைக்குப் போனது.

இதே காலத்தில் எஸ்.ஐ.பி என்ற பொது நெறிமுறையும் வளர்ந்தது. இணைய வலையமைப்பில் ஓர் அழைப்பை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்பதை வரையறுக்கும் இந்த நெறிமுறையின் இன்றைய வடிவம் 2002இல் வெளியானது. அதன் பின்னர் எந்த நிறுவனத்தின் ஐ.பி தொலைபேசியும் எந்த நிலையத்துடனும் பேசலாம் என்ற நிலை உருவானது.

ஆனால் அஸ்ரெரிஸ்க்கை இயக்குவது இலகுவான காரியமாக இருக்கவில்லை. எல்லா அமைப்புகளும் எழுத்துக் கோப்புகளில் இருந்தன. ஓர் இலக்கத்தைச் சேர்க்க மூன்று நான்கு கோப்புகளைத் திறந்து எழுத வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் அழைப்பு போகாது. இந்தக் குறையை நீக்க 2004இல் ஒரு வலைப்பக்க இடைமுகம் உருவாக்கப்பட்டது. 2006 முதல் அது 'ஃபிரீபிபிஎக்ஸ்' என்ற பெயரில் வளர்ந்து, 2015இல் அதுவும் சங்கோமாவிடம் சென்றது. இன்று திறந்த மூல வகையில் பரவலாகப் பயன்படும் தொலைபேசி நிர்வாக மென்பொருள்களில் ஒன்று இது. அடிப்படைப் பகுதிகள் இலவசம். சில கூடுதல் பகுதிகள் விலைக்கு விற்கப்படுகின்றன.

நிர்வாகப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

உலாவியில் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போனால் ஒரு நிர்வாகி காண்பவை ஏறத்தாழ இவைதான்:

உள் இலக்கம்: ஒவ்வொரு கருவிக்கும் அல்லது பணியாளருக்கும் ஒன்று. பெயர், கடவுச்சொல், குரலஞ்சல் ஆகியன இதில் அடங்கும். மேசைத் தொலைபேசி மட்டுமன்றி, கைப்பேசியில் நிறுவிய செயலியும் ஓர் உள் இலக்கமாக முடியும்.

வெளி இணைப்பு: சேவை வழங்குனரிடமிருந்து வரும் வழி. இப்போது இது பெரும்பாலும் இணையத்தினூடான எஸ்.ஐ.பி இணைப்பு.

வரும் வழி: எந்த இலக்கத்துக்கு வரும் அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதி.

போகும் வழி: உள்ளே ஒருவர் அழுத்தும் இலக்கம் எந்த இணைப்பினூடாக வெளியே போக வேண்டும், போகலாமா கூடாதா என்ற விதி.

இவற்றுக்கு மேலே நேர நிபந்தனை, ஒரே நேரத்தில் பல கருவிகள் ஒலிக்கும் குழு, காத்திருப்போர் வரிசை, 'ஒன்றை அழுத்துக' என்று சொல்லும் குரல் பட்டியல், அழைப்புப் பதிவேடு, ஒலிப்பதிவு முதலியன உள்ளன.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் மாற்றத்தைச் சேமித்ததும் அது தரவுத்தளத்தில் மட்டும் பதிவாகிறது. மேலே தோன்றும் சிவப்புப் பொத்தானை அழுத்திய பின்னர்தான் மென்பொருள் அந்த மாற்றங்களை அஸ்ரெரிஸ்க்கின் கோப்புகளில் எழுதி நடைமுறைக்குக் கொண்டுவரும். 'மாற்றினேன், மாறவில்லை' என்ற முறைப்பாடுகள் பலவற்றின் காரணம் இந்த ஒரு பொத்தான்தான்.

ஓர் இலக்கத்தின் பாதை

கேரி ஹன்டின் மகளுக்கு நேர்ந்தது போன்ற பிழை எப்படி உருவாகிறது என்பதை இந்த விதிகளிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

ஒருவர் ஓர் இலக்கத்தை அழுத்தியதும் மென்பொருள் முதலில் அது உள் இலக்கமா என்று பார்க்கிறது. இல்லையென்றால் போகும் வழிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. முதலில் பொருந்தும் விதியே செல்லுபடியாகும். 'எக்ஸ்' என்ற எழுத்து 0 முதல் 9 வரையான எந்த எண்ணையும், 'இசட்' 1 முதல் 9 வரையும், 'என்' 2 முதல் 9 வரையும் குறிக்கும். வெளி அழைப்பு எல்லாவற்றுக்கும் 9 முன்னால் வேண்டும் என்று விதி எழுதி, அவசர இலக்கத்துக்குத் தனி விதி எழுதாமல் விட்டால், 911 எந்த விதியிலும் பொருந்தாது. அழைப்பு அங்கேயே இறந்துவிடும்.

நம் நாட்டுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். பொலிஸ் அவசர இலக்கம் 119. தீயணைப்பு 110. சுவசெரிய அம்புலன்ஸ் 1990. அலுவலகம் ஒன்று தனது மேசைகளுக்கு 101 முதல் 120 வரை உள் இலக்கம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அங்கே 110 ஐயும் 119 ஐயும் அழுத்துபவருக்கு தீயணைப்பும் வராது, பொலிசும் வராது. உள் இலக்கம் முதலில் பார்க்கப்படுவதால் கணக்காளரின் மேசையிலோ களஞ்சிய அறையிலோ மணி அடிக்கும். இரவு நேரமென்றால் எடுப்பதற்கும் ஆள் இருக்காது.

தீர்வு சிக்கலானதல்ல. உள் இலக்கங்களை 2 அல்லது 3 இல் தொடங்கும்படி வைக்கலாம். அவசர இலக்கங்களுக்கு என்று தனியாக ஒரு போகும் வழியை எழுதி, பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். முன் இலக்கத்துடனும் முன் இலக்கம் இல்லாமலும் அது பொருந்த வேண்டும். ஃபிரீபிபிஎக்ஸில் ஒரு வழியை 'அவசர வழி' என்று குறிப்பதற்குத் தனித் தெரிவே உண்டு. கிளை அலுவலகங்கள் ஒரே நிலையத்தைப் பகிர்ந்தால் இன்னொரு கேள்வியும் எழும். வவுனியாவில் இருந்து எடுக்கும் அழைப்பு கொழும்பு இணைப்பினூடாக வெளியேறினால், மறுமுனையில் இருப்பவருக்கு எந்த இலக்கம் தெரியும் என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

'தமிழுக்கு இரண்டை அழுத்துக'

தமிழ் வாசகர்களுக்கு இந்த மென்பொருள் மிக நெருக்கமாக அறிமுகமாகும் இடம் குரல் பட்டியல்தான். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று தெரிவுகள் சொல்லப்படும். தமிழைத் தெரிவு செய்த பின்னர் எடுப்பவர் தமிழ் பேசாதவராக இருந்த அனுபவம் பலருக்கும் உண்டு.

இதற்கு மென்பொருளைக் குறைசொல்ல முடியாது. ஒவ்வொரு தெரிவுக்கும் தனித்தனி வரிசை அமைக்க முடியும். தமிழ் வரிசையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்களை மட்டும் சேர்க்க முடியும். அவர்கள் எவரும் இல்லாத நேரத்தில் அழைப்பை என்ன செய்வது என்றும் சொல்லி வைக்க முடியும். எல்லாத் தெரிவுகளையும் ஒரே வரிசையில் கொண்டுபோய் விடுவதும் முடியும். செலவு குறைவு என்பதால் சில இடங்களில் இது நடக்கிறது. பட்டியல் மும்மொழியில் பேசும், வரிசை ஒருமொழியில் இயங்கும். எத்தனை பேர் தமிழ் வரிசைக்கு வந்தார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், எத்தனை பேர் பதில் கிடைக்காமல் துண்டித்தார்கள் என்ற விபரம் வரிசைப் பதிவேட்டில் இருக்கும். வரிசைகள் தனித்தனியாக அமைக்கப்பட்டிருந்தால் அதை எடுத்துப் பார்ப்பது சில நிமிட வேலை.

ஒலிக் கோப்புகளிலும் கவனம் வேண்டும். அஸ்ரெரிஸ்க்குடன் வரும் அதிகாரபூர்வக் குரல் தொகுதிகளில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், ரஷ்யன், ஜப்பானியம், சுவீடிஷ் ஆகியன உள்ளன. தமிழ் இல்லை. ஆகவே வரவேற்பு வாசகத்தை மட்டும் தமிழில் பதிவுசெய்து ஏற்றிவிட்டால், 'நீங்கள் வரிசையில் மூன்றாவது' போன்ற உள் அறிவித்தல்கள் ஆங்கிலத்திலேயே வரும். அவற்றையும் பதிவுசெய்ய வேண்டும். எண்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலத்தில் 'இருபது', 'ஒன்று' என்ற இரு ஒலிகளை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் 21 வந்துவிடும். தமிழில் 'இருபத்தொன்று' என்று சொல் புணர்ந்து மாறுகிறது. எனவே இத்தகைய எண்களை முழுச்சொல்லாகவே பதிவுசெய்வது நல்லது.

வார இறுதியில் வரும் கள்வர்

நிலையம் இணையத்துடன் இணைந்ததும் அதன் கதவும் உலகத்துக்குத் திறந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் நோர்குரொஸ் நகரில் ஏழு பேர் வேலை செய்த கட்டடக்கலை நிறுவனம் ஒன்றின் கதையை 2014இல் நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்டது. ஒரே வார இறுதியில், அலுவலகத்தில் எவரும் இல்லாத நேரத்தில், அந்த நிறுவனத்தின் தொலைபேசி முறைமையிலிருந்து காம்பியா, சோமாலியா, மாலைதீவு ஆகிய நாடுகளுக்கு அழைப்புகள் போயிருந்தன. கட்டணம் 166,000 டொலர்.

இந்த மோசடியின் கணக்கு எளிமையானது. கள்வர் வெளிநாட்டில் அதிக கட்டணம் அறவிடும் இலக்கங்களை வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்த இலக்கங்களுக்கு வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர்களுக்கு ஒரு பங்கு கிடைக்கும். பிறகு யாருடையதோ நிலையத்தினுள் புகுந்து, தங்கள் இலக்கங்களுக்குத் தாங்களே இடைவிடாமல் அழைக்கிறார்கள். பணம் கட்ட வேண்டியவர் நிலையத்தின் உரிமையாளர்.

புகும் வழிகள் பல. 201 என்ற உள் இலக்கத்துக்குக் கடவுச்சொல்லும் 201 என்று வைப்பது மிகப் பழைய வழி. இணையம் முழுவதும் இத்தகைய நிலையங்களைத் தேடும் நிரல்கள் இரவுபகலாக இயங்குகின்றன. நிர்வாக மென்பொருளின் ஓட்டைகள் மற்றொரு வழி. கடவுச்சொல் இல்லாமலே நிர்வாகியாக நுழைய இடமளித்த ஃபிரீபிபிஎக்ஸ் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தி, ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழ 1,200 நிறுவனங்களின் முறைமைகள் தாக்கப்பட்டதாக 2020 நவம்பரில் செக் பொயின்ட் நிறுவனம் அறிவித்தது. 2025 ஓகஸ்டில் அதே மென்பொருளின் விலைக்கு விற்கப்படும் பகுதி ஒன்றில் மற்றொரு ஓட்டை வெளிப்பட்டது. ஆபத்து அளவுகோலில் அதற்குக் கிடைத்த புள்ளி 10க்கு 10. திருத்தம் வெளியாக முன்னரே தாக்குதல்கள் தொடங்கியிருந்தன. நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களே அகப்பட்டார்கள்.

திறந்த மூலம் என்பதால்தான் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 2023 மார்ச்சில், மூடிய மூல வகையைச் சேர்ந்த 3சிஎக்ஸ் என்ற தொலைபேசி மென்பொருளின் கணினிச் செயலிக்குள்ளேயே தீநிரல் புகுத்தப்பட்டு, நிறுவனத்தின் சொந்த முத்திரையுடன் வாடிக்கையாளர்களுக்கு விநியோகமானது. வட கொரியாவுடன் தொடர்புள்ள குழு இதைச் செய்ததாக ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

செய்ய வேண்டியவை

நிர்வாகப் பக்கத்தை அலுவலக வலையமைப்புக்குள் மட்டும் வைத்திருங்கள். வெளியிலிருந்து தேவையென்றால் வி.பி.என் ஊடாக வாருங்கள்.

ஒவ்வொரு உள் இலக்கத்துக்கும் நீளமான, ஒன்றோடொன்று தொடர்பில்லாத கடவுச்சொல்லை மென்பொருளே உருவாக்க விடுங்கள்.

வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத இலக்கங்களுக்கு அந்த வழியை மூடுங்கள். தேவையானவர்களுக்கும் அழைக்கும் நாடுகளை மட்டும் திறவுங்கள். அலுவலகம் மூடிய நேரத்தில் முழுமையாகத் தடுக்கலாம்.

சேவை வழங்குனரிடம் நாளாந்தக் கட்டண உச்சவரம்பு ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். மற்ற எல்லாக் காவலும் தோற்றாலும் இழப்பை இது கட்டுப்படுத்தும்.

புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய பதிப்புகள் இயங்கிய சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டது. ஃபிரீபிபிஎக்ஸின் 17ஆம் பதிப்பு டெபியன் 12 இல் இயங்குகிறது.

அழைப்புகளை ஒலிப்பதிவு செய்தால் அழைப்பவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பது, யார் கேட்கலாம் என்பதையும் தீர்மானியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் இது வெறும் மரியாதைக்குரிய விடயமாக இல்லை.

மின்சாரமும் இணையமும்

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்குத் தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே, ஏறத்தாழ 48 வோல்ட் அளவில், அதே கம்பியில் வந்தது. வீட்டில் மின்வெட்டு என்றாலும் தொலைபேசி பேசியது. ஐ.பி தொலைபேசி அப்படியல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். கணினி, ரவுட்டர், சுவிட்ச், கருவி ஆகிய நான்கில் ஒன்றுக்கு மின்சாரம் இல்லையென்றாலும் அழைப்பு இல்லை. ஆகவே யு.பி.எஸ் வாங்கும்போது கணினிக்கு மட்டும் வாங்குவது போதாது. மின்சாரம் போனால் வரும் அழைப்புகளைக் கைப்பேசி ஒன்றுக்குத் திருப்பும் வசதியைச் சேவை வழங்குனரிடமே கேட்டு வைப்பதும் நல்லது.

இணைய வேகத்தைப் பொறுத்தவரை தேவை பெரிதல்ல. வழக்கமான ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் போகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு மெகாபிட் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். யாரோ ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்டால், ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

சாவி

சிறு நிறுவனங்களில் இந்த நிலையத்தை அமைத்தவர் ஒருவராகவே இருப்பார். அவர் வேறு வேலைக்கு அல்லது வெளிநாட்டுக்குப் போன பின்னர், நிர்வாகக் கடவுச்சொல் யாரிடமும் இல்லை என்பது தெரியவரும். தொலைபேசி வேலை செய்யும்வரை எவரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. ஆகவே கடவுச்சொல்லும், சேவை வழங்குனரின் கணக்கு விபரமும், காப்புப் பிரதி எங்கே இருக்கிறது என்பதும் நிறுவனத்தின் பெட்டகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காப்புப் பிரதி அதே கணினியில் இருந்தால் அது காப்பு அல்ல.

கடைசியாக ஒன்று. உங்கள் அலுவலகத்திலோ விடுதியிலோ பாடசாலையிலோ உள்ள தொலைபேசியிலிருந்து 119, 110, 1990 ஆகிய இலக்கங்கள் வெளியே போகின்றனவா என்று எவராவது சோதித்ததுண்டா? இல்லையென்றால், நிலையத்தைப் பராமரிப்பவரைக் கொண்டு முதலில் விதிகளைச் சரிபாருங்கள். பின்னர் உரிய சேவைகளுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஒவ்வொன்றையும் சுருக்கமாக ஒருமுறை அழைத்துப் பாருங்கள். மார்ஷல் நகரத்து விடுதியில் அந்தச் சோதனையை எவராவது செய்திருந்தால், சிறுமி அழுத்திய முதலாவது அழைப்பே வெளியே போயிருக்கும்.